மணிச் சத்தம் கேட்டு மலை ஏறியவர்

(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கான பாடம்)



நம்ம ஊரில் பார்வை இல்லாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்கு ஆள் சேர்க்கும்போது அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறோமா? "பாவம், அவளை எதுக்குச் சிரமப்படுத்தணும்?" என்று தாண்டிப் போய்விடுகிறோம். இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அந்த இரக்கத்தால் அவளுக்குச் சேமிப்பு இல்லை, கடன் இல்லை, கூட்டத்தில் பேச இடமும் இல்லை. பார்வை இல்லாதவர்களால் எதுவரை முடியும் என்று தெரிந்துகொள்ள, உலகத்திலேயே உயரமான மலையைப் பற்றிக் கொஞ்சம் படிப்போம்.

எவரெஸ்ட் சிகரம் நேபாளத்துக்கும் திபெத்துக்கும் எல்லையில் இருக்கிறது. உயரம் 8,848 மீட்டர். மேலே போகப் போக மூச்சு விடுவதே கஷ்டம். கண் நன்றாகத் தெரிந்தவர்கள் பலரே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். 2001-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி எரிக் வைஹென்மேயர் என்பவர் அதன் உச்சியை அடைந்தார். பார்வையற்ற ஒருவர் எவரெஸ்ட் ஏறியது அதுவே முதல் தடவை. அமெரிக்காவைச் சேர்ந்த இவருக்குச் சிறு வயதிலேயே கண் நோய். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 14 வயதுக்குள் முழுவதும் போய்விட்டது. பிறகு படித்துப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார்.

எப்படி ஏறினார்?

முன்னால் போகிறவர் ஒரு சின்ன மணியை ஒலிக்க விட்டுக்கொண்டே நடப்பார். மேயப் போன மாடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கழுத்து மணியை வைத்து நாம் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? அதே மாதிரி, மணிச் சத்தம் வரும் திசையில் இவர் நடப்பார். இரண்டு கையிலும் நீளமான ஊன்றுகோல். தரை கெட்டியா, பள்ளமா என்று அதனால் குத்திப் பார்த்துக் காலை வைப்பார்.

கூட வருகிறவர்கள் வாயாலும் வழி சொல்வார்கள். "பார்த்து, பார்த்து!" என்று கத்தினால் அவருக்கு என்ன புரியும்? "வலது பக்கம் இரண்டடியில் பள்ளம்" என்று திசையும் தூரமும் சேர்த்துச் சொன்னால்தான் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியும்.

வழியில் கும்பு பனியருவி என்று ஓர் இடம். பெரிய பெரிய பனிப் பாளங்களும் ஆழமான வெடிப்புகளும் நிறைந்தது. வெடிப்புகளின் மேல் ஏணியைப் படுக்கப் போட்டு, அதன்மேல் நடந்து கடக்க வேண்டும். முதல் முறை அந்தப் பகுதியைக் கடக்க அவருக்கு 13 மணி நேரம் ஆயிற்று. மனம் விடவில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பழகினார், நேரம் வெகுவாகக் குறைந்தது.

கூடப் போனவர்களுக்கு அவர் பாரமாக இருந்தாரா? இல்லை. கடுங்குளிரில் கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துப் போகும். அதனால் தடித்த கையுறையோடு கூடாரம் அடிக்க ஊரிலேயே பழகிக்கொண்டார். தன் பங்கு வேலையைத் தானே செய்தார். அந்தக் குழுவில் 19 பேர் உச்சியை அடைந்தார்கள்.

நம் நாட்டுப் பெண்

இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர் சோன்ஜின் ஆங்மோ. 8 வயதில் பார்வை போனது. படிப்பை விடவில்லை, டெல்லியில் கல்லூரி முடித்து, வங்கி வேலையில் சேர்ந்தார். 2025 மே 19-ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். உலகிலேயே எவரெஸ்ட் ஏறிய முதல் பார்வையற்ற பெண் இவர்தான்.

இந்த இருவரையும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. மற்றவர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததைச் சத்தமாகவும் சொல்லாகவும் கொடுத்தார்கள். ஏறியது அவரவர் கால்தான்.

நம் குழுவில் என்ன செய்யலாம்?

1. பார்வையற்ற சகோதரியின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள்.

2. "அங்கே இருக்கு, இங்கே இருக்கு" என்று சொல்லாதீர்கள். "இடது பக்கம், மூன்று எட்டில் பாய் விரிச்சிருக்கு" என்று சொல்லுங்கள். படி வந்தால் ஏறும் படியா, இறங்கும் படியா என்றும் சொல்லுங்கள்.

3. பணம் கொடுக்கும்போது ஒவ்வொரு நோட்டும் எத்தனை ரூபாய் என்று சொல்லிக் கையில் கொடுங்கள். தீர்மானத்தையும் பாஸ் புத்தகத்தையும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து அல்லது கைரேகை வாங்குங்கள்.

4. சும்மா உட்கார வைக்காதீர்கள். அவருக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள். எந்த வேலை என்று நாமே முடிவு செய்யாமல் அவரிடமே கேளுங்கள்.

5. மாற்றுத்திறனாளிகள் தனிக் குழுவாகச் சேர விரும்பினால், ஊரக வாழ்வாதார இயக்க விதிப்படி 5 பேர் இருந்தாலே போதும்.

கூட்டத்தில் பேசுவதற்கு

* நம் ஊரில் பார்வை இல்லாத பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் குழுவில் இருக்கிறார்கள்?
* சேராதவர்களிடம் "சேர விருப்பமா?" என்று நேரில் போய்க் கேட்டது யார்?
* அடுத்த கூட்டத்துக்குள் யார் போய்க் கேட்பது? அந்த உறுப்பினரின் பெயரை இன்றே தீர்மான நோட்டில் எழுதுங்கள்.