குடிக்காதவருக்கு அந்த ஊரில் என்ன வேலை?

அன்புள்ள வாசகிக்கு,

கணவருக்கு மாற்றலாகி இரண்டு வருடம் கேப் டவுனில் இருக்கப்போவதாகவும், சைக்கிளையும் கையோடு கொண்டுபோவதாகவும் எழுதியிருந்தீர்கள். “சுற்றுவட்டாரத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் ஒயின் பள்ளத்தாக்குகள்தான் என்கிறார்கள். எனக்கோ குடிப்பழக்கம் இல்லை. அந்தப் பக்கம் போய் நான் என்ன செய்ய?” என்று கேட்டிருந்தீர்கள். இதே சந்தேகம் இன்னும் நாலு பேருக்கு இருக்கும் என்பதால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கோப்பையை விடுங்கள், கணவாய்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டெலன்போஷ், ஃபிரான்ஸ்ஹுக், பார்ல், வெல்லிங்டன் ஆகிய நான்கு ஊர்களுமே மலைச்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவை. உள்நாட்டுக்குப் போக வேண்டுமானால் அந்தச் சுவரை ஏறித்தான் ஆக வேண்டும். அப்படி ஏறுவதற்காக இருநூறு வருடங்களுக்கு மேலாக வெட்டிய பாதைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இன்னும் அங்கே கிடக்கின்றன. சிலவற்றில் சைக்கிள் ஓட்டலாம், சிலவற்றில் நடக்கத்தான் முடியும். எதில் எது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. மாட்டை மனதில் வைத்துப் பொறியாளர் போட்ட சாலையில் சைக்கிள் போகும். மாட்டைச் சாகடித்த பாதையில் நடந்து போங்கள்.

முதலில் நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கேப் டவுனிலிருந்து கிழக்கே போனால் ஹாட்டன்டாட்ஸ் ஹாலண்ட் மலைகள். அதைத் தாண்டினால் எல்கின், ஆப்பிளும் குளிர்ப்பகுதித் திராட்சையும் விளையும் மேட்டுநிலம். இந்த மலையில் ஈலாண்ட் என்னும் பெரிய மான்கள் ஏறி இறங்கிய தடத்தை கொய்கொய் மக்கள் பயன்படுத்தினார்கள். பின்னால் வந்த டச்சுக்காரர்கள் அதே தடத்தில் வண்டியை ஏற்றினார்கள். கான்டௌ கணவாய் என்று பெயர். மான் ஏறும் சரிவில் பாரவண்டி ஏறினால் என்ன ஆகும்? 1821 வாக்கில் வருடத்துக்குச் சுமார் 4,500 வண்டிகள் அந்த வழியே போயின, ஐந்தில் ஒன்றுக்கு மேல் சேதமாயிற்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் பாறையை அரைத்து அரைத்து உண்டாக்கிய பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன. குனிந்து கையை விட்டுப் பாருங்கள். மணற்கல் சொரசொரப்பானது, ஆனால் பள்ளத்தின் அடி மட்டும் வழுவழுவென்று இருக்கும். பக்கத்திலேயே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து அறிவிப்புப் பீரங்கிகள் இரண்டு. அவற்றை எல்லோரும் படம் எடுப்பார்கள், பள்ளத்தை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தத் தொல்லைக்கு மாற்றாக சார்லஸ் மிச்செல் என்ற பொறியாளர் போட்டுக் கொடுத்த சாலைதான் 1830-இல் திறந்த சர் லௌரி கணவாய். அதுதான் இப்போது என்-2 தேசிய நெடுஞ்சாலை. லாரிக்கு நடுவில் அங்கே சைக்கிள் மிதிக்க வேண்டாம். காரில் மேலே போய், வண்டியை நிறுத்திவிட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு பழைய கணவாய்க்கு நடந்து போய் வாருங்கள்.

சைக்கிளுக்கு முதல் பாடம் ஃபிரான்ஸ்ஹுக் கணவாய். பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹியூகனாட் புராட்டஸ்டன்டுகளுக்கு 1688-இல் கம்பெனி நிலம் கொடுத்த பள்ளத்தாக்கு இது. அதற்கு முன் யானைக் காடு. முதலில் மலையேறிய வழியும் யானைத் தடம்தான். இப்போதைய சாலையின் மூல வடிவம் 1825-இல் முடிந்தது. வேறு இடத்துக்கு அனுப்பப்படக் காத்திருந்த ராயல் ஆப்பிரிக்கன் கோர் என்னும் படைப்பிரிவின் வீரர்களைச் சும்மா வைத்திருப்பானேன் என்று இந்த வேலையில் இறக்கிவிட்டார்கள். ஊரிலிருந்து உச்சிவரை ஏழு கிலோமீட்டர் அளவு, கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டர். ஒரே சீரான ஏற்றம். திடீரென்று நெஞ்சில் முட்டும் மேடு எங்கும் வராது. காரணம், பன்னிரண்டு பதினாறு மாடுகளை வரிசையாகப் பூட்டினால் செங்குத்து வளைவில் முன்மாடு திரும்பிவிடும், பின்மாட்டின் மேல் மொத்தப் பாரமும் விழும். அதனால் சரிவைப் பரப்பி, வளைவை அகலப்படுத்தித்தான் போட்டாக வேண்டும். அந்த மாடுகளுக்குக் கிடைத்த கரிசனம் இன்று நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது.

ஏறும்போது இடப்பக்கம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போங்கள். திராட்சை ஒரு உயரத்தோடு நின்றுவிடும். நின்றது மனிதனுடைய விருப்பத்தால் மட்டும் அல்ல. கீழ்ச்சரிவுகளில் கிரானைட்டும் களிப்பாறையும் மக்கிய மண், ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேலே மணற்கல். அது உதிர்ந்தால் சத்தே இல்லாத வெறும் மணல். அந்த ஏழை மண்ணில்தான் ஃபின்போஸ் என்னும் புதர்க்காடு, புரோட்டியாவும் எரிக்காவும் கோரை மாதிரியான ரெஸ்டியோவுமாக மண்டிக்கிடக்கிறது. பயிருக்கு உதவாத மண்ணில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஆயிரக்கணக்கான செடி வகைகள். 2004-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உச்சியில் மோன் ரோஷெல் காப்பகம் இருக்கிறது. சைக்கிளைப் பத்திரமாக விட்டுவிட்டுச் சிகரப் பாதைகளில் நடக்கலாம். அந்தப் பக்க இறக்கத்தில் யான் ஜூபேர்ட்ஸ்காட் என்று ஒரு குட்டிக் கல்பாலம் வரும். அந்த நாட்டில் இன்றும் வண்டி ஓடும் மிகப் பழைய பாலங்களில் ஒன்று. காரில் போனால் இது பாலம் என்றே தெரியாது. இறங்கி, கரைக்குப் போய் வளைவை அடியிலிருந்து பாருங்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் உசத்தி வெல்லிங்டனுக்கு மேலே உள்ள பெய்ன்ஸ்கிளூஃப். ஆண்ட்ரூ கெடஸ் பெய்ன் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், தொழிலால் சேணம் தைப்பவர். பொறியியல் படிக்காதவர். பாதை போடப் போட மலையைப் படித்து, தென்னாப்பிரிக்க நிலவியலின் தந்தை என்று பேர் வாங்கியவர். பக்கத்தில் மிச்செல் கணவாயில் வேலை செய்துகொண்டிருந்தபோது மலைத்தொடரில் ஓர் இடைவெளியைக் கண்டு, அதன் வழியே 1849-இல் இந்தச் சாலையைத் தொடங்கினார். 1853-இல் முடிந்தது. வேலை செய்தவர்கள் கைதிகள், நூற்றுக்கணக்கில். மலையிலேயே கொட்டடி கட்டி வைத்திருந்து, வெடிமருந்தும் கடப்பாரையும் கையுமாக வெட்ட வைத்தார்கள்.

இப்போது அது இரு வண்டி ஒதுங்கவே யோசிக்கும் குறுகலான தார்ச்சாலை. உச்சி 600 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெல்லிங்டன் பக்கம் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி வளைந்து வளைந்து ஏற்றம். உச்சி தாண்டியதும் காட்சி மாறிவிடும், கீழே விட் ஆறு பாறைக்குள் ஓட, தலைக்கு மேல் பாறை கவிந்து நிற்க, நடுவில் நீங்கள். ஓர் ஓரமாக நின்று சாலையைத் தாங்கும் சுவரைக் கவனியுங்கள். சுண்ணாம்போ சிமென்டோ கிடையாது. கல்லின் மேல் கல், இடுக்கில் சில்லுக்கல் சொருகி, உள்பக்கமாகச் சற்றே சாய்த்து அடுக்கியது. மழைத்தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும், அதனால் சுவர் உப்பித் தள்ளாது. விரலை விட்டால் பாசியும் ஈரமும் தட்டும். நூற்றி எழுபது வருடமாக நிற்கிறது. பெய்ன் பெயரில் கணவாய் இருக்கிறது. இந்தக் கல்லை அடுக்கியவன் பெயர் அங்கே எங்கும் இல்லை.

டு டாய்ட்ஸ்கிளூஃப் என்ற கணவாயைப் பற்றி நாலு வரி போதும். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகளைக் கொண்டு பெரும்பகுதி போட்டது, திறந்தது 1949. 1988-இல் அடியில் ஹியூகனாட் சுரங்கப்பாதை வந்ததும் லாரியும் காரும் பெரும்பாலும் அதற்குள் போய்விட்டன. சுரங்கத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மேலே உள்ள பழைய சாலை நமக்கு மிச்சம்.

படைவீரன், கைதி, போர்க்கைதி என்று பாதையைப் போட்டவர் யாரும் விரும்பி வந்தவர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கீழே தோட்டங்களில் நடந்தது இன்னும் மோசம். கேப்பில் முதல் ஒயின் பிழிந்தது 1659-இல். அதிலிருந்து 1834 வரை கொடியை நட்டதும், கிளை கழித்ததும், பழத்தை மிதித்ததும் பெரும்பாலும் அடிமைகள். அதற்கப்புறமும் ‘பயிற்சி’ என்ற பெயரில் நாலு வருடம் பிடித்து வைத்திருந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்களோடு நம் ஆட்களும் இருந்தார்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக் கம்பெனி கோட்டை வைத்திருந்த காலம் அது. பஞ்சத்தில் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கப்பலேற்றினார்கள். பலர் பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும், சிலர் கேப்புக்கும். அங்கே பதிவேட்டில் ஆளுக்கு ஒரு புதுப்பெயர், அதன் பின்னால் சோழமண்டலக் கரை அல்லது வங்காளம் அல்லது மலபார் என்று ஊர். பழைய பண்ணைகளின் வாசலில் வெள்ளையடித்த வளைவில் ஒரு மணி தொங்கும், பூந்தொட்டி வைத்து அழகாகப் பராமரிப்பார்கள். வேலைக்கு எழுப்ப அடித்த மணி. கல்யாண ஜோடிகள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான் சொல்வேன். கேப் டவுனில் அடிமைகளை அடைத்து வைத்த 1679-ஆம் வருடக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். மலைப் பக்கம் போவதற்கு முன் ஒருதரம் அங்கே போய் வந்துவிடுங்கள்.

இனி நடைமுறை. மழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அங்கே அது குளிர்காலம், பருவங்கள் நம் கணக்குக்கு நேர் எதிர். செப்டம்பர், அக்டோபரில் புதர்க்காடு பூத்திருக்கும், வெயிலும் பொறுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. பார்க்க அழகு, வெயில் கொளுத்தும், பழம் ஏற்றிய டிராக்டர் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டியிருக்கும். கோடையில் தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் அடிக்கும். கொடிக்குப் பூஞ்சை பிடிக்காமல் காப்பது அதுதான் என்று விவசாயிக்கு அதன் மேல் பிரியம். உச்சி வளைவில் பக்கவாட்டில் வந்து தள்ளும்போது உங்களுக்கு அந்தப் பிரியம் இருக்காது. சாலையில் நம் ஊர்போல இடப்பக்கம்தான். ஹெல்மெட் கட்டாயம். சைக்கிளை முந்தும் வண்டி போதிய இடைவெளி விட வேண்டும் என்று மேற்கு கேப் மாகாணத்தில் விதியே இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், வழிப்பறி உண்டு. வார இறுதிகளில் விடிகாலையில் கூட்டமாகக் கிளம்புகிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். உச்சியில் பபூன் குரங்குகள் இருக்கும், அவற்றின் முன்னால் பையைத் திறக்க வேண்டாம். தின்பதற்கு மெபோஸ் வாங்கிக்கொள்ளுங்கள், ஆப்ரிகாட்டை உப்பிட்டு உலர்த்திச் சர்க்கரையில் புரட்டியது. வியர்த்தவருக்கு உப்பும் இனிப்பும் சேர்ந்து கிடைக்கும்.

வெல்லிங்டனில் ஒயின் வேண்டாம் என்றாலும் ஒரு நாற்றங்காலுக்குள் எட்டிப் பாருங்கள். அந்த நாட்டுத் திராட்சை நாற்றில் பெரும்பகுதி அங்கேதான் ஒட்டுக்கட்டப்படுகிறது. 1880-களில் ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி வந்து தோட்டங்களை அழித்த பிறகு, பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுவது வழக்கமாயிற்று. நம்மூர் மாஞ்செடி ஒட்டுப் பார்த்தவருக்கு அதில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

ஸ்வார்ட்பெர்க் கணவாயை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெய்னின் மகன் தாமஸ் பெய்ன் போட்டது, 1888-இல் திறந்தது, 1,583 மீட்டர். கேப் டவுனிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியாது, உச்சிப் பகுதி இன்னும் கப்பிச் சாலைதான். மெல்லிய டயரோடு போனால் அடியெல்லாம் அதிரும். உங்கள் சைக்கிளில் 40 மில்லிமீட்டர் டயர் நுழையுமா என்று பெட்டி கட்டுவதற்கு முன் கடையில் காட்டிக் கேட்டுவிடுங்கள். நுழையாது என்றால் அந்த ஒரு மலைக்கு மட்டும் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.