1996 கோப்பையும் தொடக்க ஜோடியும்

இலங்கை கிரிக்கெட் அணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு 1996-இல்தான் போய் நிற்கும். கூடவே ஒரு நம்பிக்கையும் வந்து நிற்கும்: தொடக்க ஆட்டக்காரர்கள் ஜயசூரியாவும் களுவிதாரணவும் முதல் 15 ஓவரில் அடித்த அடியில்தான் உலகக் கோப்பை கிடைத்தது என்று. கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லப்படும் இந்தக் கதை, அந்தக் கோப்பைக்காக உழைத்த மற்றவர்களை மறைத்துவிட்டது.

டெல்லியில் இந்தியாவின் பந்துவீச்சில் முதல் 3 ஓவரில் 42 ரன் வந்தது உண்மை. ஃபைசலாபாத் காலிறுதியில் ஜயசூரியா 44 பந்தில் 82 ரன் விளாசி இங்கிலாந்தை நிலைகுலைய வைத்ததும் உண்மை. கடைசி இரண்டு ஆட்டங்களில் நடந்தது என்ன? இந்தியாவுக்கு எதிரான கொல்கத்தா அரையிறுதியில் ஸ்ரீநாத் வீசிய முதல் ஓவரிலேயே இருவரும் அவுட். களுவிதாரண 0, ஜயசூரியா 1. லாகூர் இறுதிப் போட்டியில் முறையே 6, 9. தொடர் முழுவதும் 6 இன்னிங்ஸில் களுவிதாரண எடுத்த மொத்த ரன் 73.

அந்த இரண்டு நாளும் அணியைத் தாங்கியவர் அரவிந்த டி சில்வா. கொல்கத்தாவில் ஸ்கோர் 1 ரன்னுக்கு 2 விக்கெட் என்று கிடக்கும்போது, நிதானம் பார்க்காமல் 47 பந்தில் 66 எடுத்தார். லாகூரில் ஆஸ்திரேலியா 1 விக்கெட்டுக்கு 137 என்று வலுவாக இருந்தபோது டெய்லரையும் பாண்டிங்கையும் தன் ஆஃப் ஸ்பின்னால் வெளியேற்றினார். மொத்தம் 3 விக்கெட், 2 கேட்ச், பிறகு ஆட்டமிழக்காமல் 107. உலகக் கோப்பை இறுதியில் ஒரே ஆள் இவ்வளவு செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவரோடு 125 ரன் சேர்த்த குருசிங்கவின் 65 ரன்னை இன்று யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? அதற்குமுன் நடந்த 5 இறுதிப் போட்டிகளிலும் முதலில் பேட் செய்த அணியே வென்றிருந்தது. அப்படியிருந்தும் டாஸ் வென்ற கேப்டன் ரணதுங்க துணிந்து பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார்.

கொல்கத்தாவின் ஈடன் கார்டனில் ரசிகர்கள் ரகளை செய்ததால்தான் அரையிறுதி இலங்கைக்குப் போனது என்பது நம் ஊரில் பலருக்கு ஆறுதலான நம்பிக்கை. ஆட்டம் நின்றபோது இந்தியாவின் கையில் இருந்தவை 2 விக்கெட். தேவைப்பட்டது இன்னும் 132 ரன். திருப்பம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 65 ரன்னில் இருந்த டெண்டுல்கர், ஜயசூரியாவின் பந்து காலில் பட்டு நகர, ரன் தேடிக் கிரீஸைவிட்டு வெளியே வந்தார். விக்கெட் கீப்பர் களுவிதாரண பாய்ந்து பந்தை எடுத்து பெயிலைத் தட்டினார். 98-க்கு 1 என்றிருந்த ஸ்கோர் 120-க்கு 8 ஆனது. தொடக்க ஜோடிக்கு அரையிறுதியில் பெரிய பங்கு உண்டு. அது ஒருவரின் கிளவுஸிலும் இன்னொருவரின் சுழலிலும் இருந்தது.

எதிரணிகள் வராமலே கிடைத்த புள்ளிகளால் வந்த கோப்பை என்பாரும் உண்டு. 1996 ஜனவரி 31-இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதையடுத்து ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கையில் ஆட வர மறுத்தன. அந்தப் புள்ளிகளைக் கழித்தாலும் டெல்லி, ஃபைசலாபாத், கொல்கத்தா, லாகூர் வெற்றிகள் அப்படியே இருக்கின்றன. நான்குமே வெளிநாட்டு மண்ணில் கிடைத்தவை. வர மறுத்த ஆஸ்திரேலியாவைத்தான் இறுதியில் வென்றார்கள்.

இன்னொரு நம்பிக்கை, இலங்கை அணி அந்த ஆண்டு திடீரென்று முளைத்தது என்பது. 1948-இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது சிலோன் அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம் என்ற தமிழர். 1975 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் தாம்சன் வீசிய வேகத்தில் அடிபட்டு மெண்டிஸும் வெத்தமுனியும் மருத்துவமனைக்குப் போன பிறகும் இலங்கை அணி 276 ரன் எடுத்தது. டெஸ்ட் தகுதி 1981-இல்தான் கிடைத்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1979 உலகக் கோப்பையில், இந்தியாவை 47 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தார்கள். முதல் டெஸ்ட் வெற்றி 1985-இல், அதுவும் இந்தியாவுக்கு எதிராக. 1995 மார்ச்சில் நியூசிலாந்தில் வெளிநாட்டு மண்ணின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி. அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தானில் முதல் டெஸ்டைத் தோற்று, அடுத்த இரண்டையும் வென்று தொடரைக் கைப்பற்றினார்கள். அந்த இரண்டில் ஒன்று நடந்த ஊர் ஃபைசலாபாத். ஆறு மாதம் கழித்து அங்கேதான் இங்கிலாந்தை எதிர்த்துக் காலிறுதிக்கு இறங்கினார்கள்.