மறதி குற்றமன்று

"இரவெல்லாம் படித்தும் மறந்துவிடுகிறது ஐயா" எனக் கிள்ளை, பிச்சாவரம் பகுதி மாணவர் சிலர் வருந்தக் கேட்கிறோம். இது மந்தபுத்தியன்று. கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறையும் என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் 1885இல் தம்மையே சோதித்துக் கண்டார். திரும்பத் திரும்ப வாசித்தோரைவிட, ஏட்டை மூடி நினைவுகூர்ந்து எழுதியோரே ஒரு வாரத்திற்குப் பின் மிகுதியாக நினைவில் கொண்டிருந்தனர் என்பதை ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையிடம் பாடம் ஒப்பித்த முறையிலும் இப்பயன் இருந்தது. உடன் பிரம்பும் இருந்தது. அஞ்சிய மூளை நினைவை மீட்கத் தடுமாறும். எனவே பிரம்பை விலக்கி முறையைக் கொள்வோம். வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் முந்தைய பாடத்தை மாணவர் ஏடு பாராது தம் சொற்களில் எழுதட்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதட்டும். மறந்தவரை மந்தரென ஒதுக்காது, மறந்த இடத்தைத் திருத்துவதே ஆசிரியப் பணிக்கு அழகு.