கட்டத்துக்கு ஒரு கணக்கு

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

உன் ஜிம் நோட்டின் படங்களை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். "கட் ஆரம்பித்து அஞ்சு வாரமாச்சு, பெஞ்ச் பிரஸ் 70 கிலோவைத் தாண்டவே இல்லை, ஷெட்யூலை மாத்திடட்டுமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். மாற்றாதே. பதில் உன் நோட்டிலேயே இருக்கிறது.

கொழுப்பைக் குறைக்கும் இந்தக் கட் தொடங்கிய வாரம் உன் எடை 75 கிலோ. இப்போது 72.5. இடுப்பளவு 3 செ.மீ. குறைந்திருக்கிறது. பெஞ்சில் அன்றும் 70 கிலோவுக்கு 5 ரெப், இன்றும் 5 ரெப். சாப்பாடு குறைந்து, உடம்பும் இளைத்த பிறகு பலம் அப்படியே நிற்கிறது என்றால், கட் சரியாகப் போகிறது என்று பொருள்.

நீ தசையைக் கூட்டும் பல்க் காலத்துக் கேள்வியைக் கட் காலத்தில் கேட்கிறாய். நாற்று நட்ட மாதத்தில் எத்தனை மூட்டை என்று யாரும் கேட்பதில்லை. பல்க் என்றால் கம்பியில் எடை ஏற வேண்டும். உன் எடையும் வாரத்துக்கு 200 முதல் 350 கிராம் வரை கூடலாம். அதைவிட வேகமாகக் கூடினால் சேர்வதில் கொழுப்பே அதிகம். கட் என்றால் வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும். கம்பியில் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

நோட்டில் ஒரு குறை. பல பக்கங்களில் "பெஞ்ச், நல்லா போச்சு" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எடை, செட், ரெப், இன்னும் எத்தனை ரெப் போட்டிருக்க முடியும் என்ற நான்கையும் எழுது. அடுத்த பல்க்கில் 70 கிலோவில் மூன்று செட்டும் 8 ரெப் வந்த பிறகே 72.5 ஏற்று, அங்கே மறுபடி 5 ரெப்பில் தொடங்கு. 1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்ட வீரர்கள் 10 முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையை வாரந்தோறும் அளந்து, அதை வைத்தே பளுவைக் கூட்டினார். அளந்து ஏற்றும் இந்த வழக்கம் அன்றிலிருந்து மாறவில்லை.

உடல் எடையைக் காலையில் வெறும் வயிற்றில் பார். ஏழு நாள் சராசரியை மட்டும் நம்பு. ஞாயிறு பிரியாணிக்குப் பிறகு திங்களன்று ஒரு கிலோ கூடினால், அது உப்பும் சோறும் பிடித்து வைத்த தண்ணீர். அதற்காகப் பட்டினி கிடக்காதே.

கட் காலத்தில் சோற்றையும் எண்ணெயையும் குறை. புரதத்தில் கை வைக்காதே. கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் உனக்கு நாளொன்றுக்கு 116 கிராம் வேண்டும். மூன்று முட்டையில் 18 கிராம்தான் வரும். மீதியைக் கோழிக்கறி, மீன், தயிர், சுண்டல், சோயா என்று பிரித்துக்கொள். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை டிலோட் வாரம் விடு. அந்த வாரம் செட்டுகளைப் பாதியாக்கினால் மூட்டுகள் தேறும்.

நம் வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பார். காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 2014-இல் மொத்தம் 328 கிலோ தூக்கினார். 2018-இல் தொடைக் காயத்தோடு வந்து 317 கிலோ தூக்கினார். இரண்டு முறையும் தங்கம். இரண்டாம் முறை தங்கம் உறுதியானதும் கடைசி வாய்ப்பில் தூக்க அவர் வரவில்லை. அன்றைக்கு எது தேவை என்று தெரிந்தவர் அதற்குமேல் உடம்பைச் சோதிப்பதில்லை.

நீயும் கட் முடியும்வரை உன்னால் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையைப் போட்டுப் பார்க்காதே. தசை சீக்கிரம் ஏறும் என்று சொல்லி யாராவது ஸ்டீராய்டு ஊசி நீட்டினால், அந்த ஜிம்முக்கே போகாதே. இன்னும் மூன்று வாரம் இதே ஷெட்யூலில் நில். பிறகு இரண்டு வாரம் சாப்பாட்டை மெல்லக் கூட்டி, பல்க்கைத் தொடங்கு. ஞாயிறுதோறும் அந்த வாரத்துச் சராசரி எடை, இடுப்பளவு, பெஞ்ச், ஸ்குவாட், டெட்லிஃப்ட் கணக்கை எனக்கு எழுதி அனுப்பு. சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உன் மாமா