தண்ணீரைச் சோதிக்கும் கைக்கருவி: தேர்ந்தெடுப்பது எப்படி?

குடத்து நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தால் அது நல்ல நீர் என்று நம்பிவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். வெளுத்ததெல்லாம் பால் அன்று என்பதை நாளும் பால்மரம் சீவும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நீரின் நிலையும் அத்தகையதே. கிணற்று நீரை நம்பியிருக்கும் குடும்பங்களும், ஆலைக் கால்வாயை அடுத்து வாழும் குடும்பங்களும் நீரைப்பற்றி அறிந்துகொள்ளக் கூடிய முதற் செய்தி அதன் அமிலத்தன்மை. அதனை அளக்கும் 'பி.எச். மானி' என்னும் சிறு கருவி இன்று சட்டைப்பையில் அடங்கும் அளவில் கடைகளில் கிடைக்கிறது. பலர் சேர்ந்து பணம் போட்டு அதனை வாங்குமுன் அறிய வேண்டியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பி.எச். என்பது யாது?

நீரிலோ கரைசலிலோ உள்ள புளிப்பையும் காரத்தையும் குறிக்கும் எண்ணே பி.எச். ஆகும். 1909-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சன் இந்த அளவுமுறையை வகுத்தார். பொதுவாக இது 0 முதல் 14 வரை செல்லும். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. ஆகவே 5 காட்டும் நீர், 7 காட்டும் நீரைவிட நூறு மடங்கு அமிலத்தன்மை உடையது.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. மரத்திலிருந்து வடியும் புதுப்பாலின் பி.எச். ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை இருக்கும். பார்மிக் அமிலம் சேர்த்து அதனை 5-ஐ ஒட்டி இறக்கும்போது பால் கட்டியாகிறது. அம்மோனியா சேர்த்து 10-ஐ ஒட்டி உயர்த்தும்போது உறையாமல் நிற்கிறது. ஆலையில் நாம் கண்ணால் காணும் மாற்றத்தையே இக்கருவி எண்ணால் காட்டுகிறது.

எந்த எண் நல்ல எண்?

மலேசியாவில் சுத்திகரித்து வழங்கப்படும் குடிநீரின் பி.எச். 6.5 முதல் 9 வரை இருத்தல் வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அளவுகோல். இரப்பர் ஆலைக் கழிவுநீர் 6 முதல் 9 வரை இருத்தல் வேண்டும் என 1978-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் வரையறுத்தன. புளிப்பான நீர் குழாய்களை அரிக்கும். செம்பு, ஈயம், நாகம் ஆகிய உலோகங்கள் அந்நீரில் கரைந்து வீட்டுக்குள் வரும். குழாயடியில் நீலப்பச்சைக் கறை படிந்தால், செம்பு கரைகிறது என ஐயுறலாம். குழந்தைக்குப் பால் கரைக்கும் நீர் அதுவேயானால் நாம் வாளாவிருத்தல் தகாது.

தாள் போதாதா?

நிறம் மாறும் சோதனைத் தாள் மலிவானது. ஆண்டுக்கு ஓரிரு முறை தெளிந்த நீரைச் சோதிக்க அதுவே போதும். ஆனால் சதுப்புநிலத்துப் பழுப்பு நீரிலும், பால் கலந்த வெள்ளைக் கழிவுநீரிலும் தாளின் நிறத்தைச் சரிவரக் காண இயலாது. அத்தகைய இடங்களில் மானியே உதவும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, துல்லியம். இரண்டு தசம இலக்கங்கள் காட்டும் மானியைக் கண்டு மயங்கலாகாது. 6.43 என்று காட்டும் கருவியின் உறையில் 'கூடவோ குறையவோ 0.1' என அச்சிட்டிருந்தால், அந்த இறுதி இலக்கமாகிய 3-க்குப் பொருள் இல்லை. நம் தேவைக்கு 0.1 அளவு துல்லியமே போதுமானது. இரண்டாம் இலக்கத்திற்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, அளவு திருத்தம். நிறுவைத் தராசுக்குப் படிக்கல் எப்படியோ, அப்படியே மானிக்குத் 'தாங்கல் கரைசல்' எனப்படும் அளவு நீர். 7, 4 ஆகிய இரண்டு கரைசல்களிலும் திருத்தக் கூடிய மானியையே வாங்குக. ஓர் எண்ணில் மட்டும் திருத்தும் மானி, மற்ற எண்களில் பொய் சொல்லக் கூடும். கரைசல்களின் விலையையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

மூன்றாவது, மின்வாய். மானியின் நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழே அதன் உயிர். நன்கு பேணினாலும் ஓரிரு ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். குமிழை மட்டும் மாற்ற முடியுமா, மாற்றுக் குமிழ் அருகிலுள்ள பட்டணத்தில் கிடைக்குமா எனக் கேட்டறிக. கிடைக்காவிடில் மலிவாக வாங்கிய மானி விரைவில் குப்பைக்குப் போகும்.

நான்காவது, நீர் புகாத உறையும் எளிதில் கிடைக்கும் மின்கலமும். ஓடைக்கரையில் கை தவறினால் மிதக்கும் மானி சிறந்தது. வெப்பத்திற்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் வசதி இருந்தால் நன்று. ஆனால் 7-ஐ ஒட்டிய சாதாரண நீருக்கு அதனால் விளையும் வேறுபாடு சிறிதே.

பணம் கொடுப்பதற்கு முன், கடைக்காரரிடம் மானியை 7 கரைசலில் திருத்தி, கழுவி, 4 கரைசலில் வைத்துக் காட்டச் சொல்லுக. எண் ஒரு நிமிடத்திற்குள் 4-ஐ ஒட்டி நிலைத்து நின்றால் நலம். வெகுநேரம் அலைந்துகொண்டே இருந்தால் குமிழ் பழையது என உணர்க.

பேணும் முறை

அளக்கும் நாளில் முதலில் திருத்தம் செய்க. ஒரு முறை ஊற்றிய கரைசலை மீண்டும் புட்டியில் ஊற்றலாகாது. குமிழைத் துணியால் தேய்க்காமல், கழுவி மெல்ல ஒற்றி எடுக்க. அதனை உலரவிடுவதும், காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பதும் தவறு. அதற்கென உள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசலால் மூடியை ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். பாலில் குமிழை முக்கவே கூடாது; பால் உறைந்து ஒட்டிக்கொண்டால் மானி குருடாகிவிடும். மழைநீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவாதலால் எண் மெதுவாகவே நிலைக்கும், பொறுமை தேவை.

மானி சொல்லாத செய்தி

இதுவே நாம் நினைவிற் கொள்ள வேண்டிய தலையாய செய்தி. மானி 7 காட்டினால் நீர் தூயது என்று பொருளாகாது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமியையோ பூச்சிக்கொல்லி நஞ்சையோ மானி காட்டாது. கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே அருந்துக. கொதிப்பு கிருமியைக் கொல்லுமேயன்றி, கரைந்த உலோகத்தை நீக்காது என்பதையும் மறவற்க. இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்க.

ஆகவே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வோம். நாள், நேரம், இடம், மழை பெய்ததா, மானி காட்டிய எண் ஆகியவற்றை வாரம் ஒருமுறை எழுதுவோம். எண் வழக்கத்திற்கு மாறாக இறங்கினால், நாமே சுண்ணாம்பைக் கொட்டிச் சரிசெய்ய முனையாமல், குறிப்பேட்டுடன் நிர்வாகத்தையும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தையும் நாடுவோம். கழிவுநீர் பற்றிய ஐயமானால் சுற்றுச்சூழல் இலாகாவை நாடலாம். தோட்டக் குடியிருப்புகளுக்குப் போதிய நீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என்பது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டத்தில் அடங்கியுள்ளது. 'தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறது' என்ற வாய்ச்சொல்லைவிட, பத்து வாரம் எழுதிய எண்கள் எங்கும் மதிக்கப்படும். நாம் வாங்கும் மானியின் உண்மையான பயன் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது.