ரீமேப் செய்த பிஎம்டபிள்யூவா, கடன் தீராத ஆக்டேவியாவா?

கேள்வி: கோவையில் ஃபவுண்டரி நடத்துகிறேன். வேகமாக ஓடும் நல்ல செடான் ஒன்று வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. இரண்டு பழைய வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2021 மாடல் பிஎம்டபிள்யூ எம்340ஐ. சென்னையில் ஒரு டீலரிடம் நிற்கிறது, விலை 48 லட்சம். புதுச்சேரி ரெஜிஸ்ட்ரேஷன். ஓனர் சென்னைக்காரர், சர்வீஸ் முழுக்கச் சென்னையில்தான் நடந்திருக்கிறது. ஸ்டேஜ் 1 ரீமேப் செய்து, டவுன்பைப்பும் மாற்றியிருக்கிறார்கள். “பிஒய் நம்பரிலேயே ஓட்டுங்கள், ஆர்சியை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம், பேப்பர் எல்லாம் கிளியர்” என்று டீலர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். 1 லட்சம் டோக்கன் அட்வான்ஸும் அனுப்பிவிட்டேன். இன்னொன்று 2020 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245. திருப்பூரில் ஒருவர் சொந்தமாக வைத்திருக்கிறார். தமிழ்நாடு நம்பர், விலை 29 லட்சம், வங்கிக் கடன் 6 லட்சம் பாக்கி. கடன் இருக்கும் வண்டி என்பதால் வீட்டில் பயப்படுகிறார்கள். சட்டப்படி எது பாதுகாப்பானது? கம்பெனி பேரில் வாங்கலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வீட்டில் பயப்பட வேண்டிய வண்டி ஆக்டேவியா அல்ல, எம்340ஐ. ஆக்டேவியாவின் சிக்கலை வங்கிக் கிளையில் உட்கார்ந்து பணம் கட்டித் தீர்த்துவிடலாம். எம்340ஐயின் சிக்கல் அதன் ரெஜிஸ்ட்ரேஷனிலேயே இருக்கிறது. அதைப் பணம் கட்டித் தீர்க்க முடியாது.

வண்டிகளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எம்340ஐ செங்கல்பட்டு பக்கத்து பிஎம்டபிள்யூ ஆலையிலேயே அசெம்பிள் செய்யப்படும் ஆறு சிலிண்டர் வண்டி, 387 குதிரைத்திறன். ஆர்எஸ் 245 இந்தியாவுக்கு வந்ததே 200 வண்டிகள்தான். இரண்டில் எதன் மீது ஆசைப்பட்டாலும் நியாயம்தான். ஆனால் நீங்கள் வாங்கப்போவது வண்டியோடு சேர்த்து அதன் முந்தைய ஓனர் செய்து வைத்த அத்தனையையும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 40-ஆவது பிரிவைப் பாருங்கள். ஓனரின் வீடோ தொழிலோ எங்கே இருந்து, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, அந்த மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதற்காக அங்கே ஒரு வாடகை முகவரியைக் காட்டிப் பதிவு செய்துவிட்டு, வண்டியைச் சென்னையிலும் கொச்சியிலும் ஓட்டுவது சொகுசு கார்களில் பல காலமாக நடக்கிறது. 2017-இல் கேரளத்தில் பிரபலமானவர்கள் மீதே இதற்காக வழக்குகள் பாய்ந்தன. உங்கள் எம்340ஐயின் ஓனருக்குப் புதுச்சேரியில் உண்மையாகவே வீடோ கடையோ இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் வாங்கிய நாள் முதல் சர்வீஸ் முழுக்கச் சென்னையில் என்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பொய்யான ஆவணத்தின் பேரிலோ தகவலின் பேரிலோ பெற்ற பதிவை ரத்து செய்யும்படி 55(5) பிரிவு ஆர்டிஓவுக்குச் சொல்கிறது. அந்த நோட்டீஸ் வரும் நாளில் ஓனராக நீங்கள் இருப்பீர்கள். பொய் சொன்னவர் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

“பிஒய் நம்பரிலேயே ஓட்டுங்கள்” என்ற யோசனையும் உங்களுக்கு உதவாது. வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும் என்கிறது 47-ஆவது பிரிவு. புதுச்சேரியிலிருந்து படிவம் 28-இல் என்ஓசி வாங்கி, கோவை ஆர்டிஓவில் படிவம் 27 கொடுத்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும், அறிமுகமானபோதே 62.9 லட்சம் விலையிருந்த வண்டிக்கு அது லட்சங்களில்தான் வரும். அதைச் சேர்த்தால் 48 லட்சம் என்பது உண்மையான விலையே அல்ல.

அடுத்து ரீமேப், அதாவது அதிகத் திறனுக்காக எஞ்சின் மென்பொருளை மாற்றுவது. இளைஞர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்ஷூரன்ஸ். நெடுஞ்சாலையில் பெரிய விபத்து, வண்டி டோட்டல் லாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் வருகிறார். கேடலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் அவர் கண்ணில் படாமல் போகாது. ரீமேப்பைப் பட்டறையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கலாம். பாலிசி எடுக்கும்போது சொல்லாத மாற்றம் என்று கம்பெனி கிளெயிமை மறுத்தால், அந்த வழக்கை நடத்துவது உங்களுக்கு எளிதாக இருக்காது. அதிகத் திறனுக்கு டியூன் செய்த வண்டிக்குத் தயாரிப்பாளரின் வாரன்ட்டி கிடைப்பதும் சந்தேகம்.

இதில் ஒன்றை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். டீலரிடம் வாங்குவதில் சட்டம் உங்களுக்குக் கூடுதல் பலம் தருகிறது. பொருள் விற்பனைச் சட்டம் 1930-இன் 16(2) பிரிவின்படி, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். நீங்களே பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு மட்டும் இது பொருந்தாது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். “உள்ளது உள்ளபடி” என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும், பொய் சொல்லி விற்றதற்கு அது கவசம் ஆகாது.

திருப்பூர்க்காரர் வியாபாரி அல்ல. அவரிடம் வாங்கினால் 16(2)-உம் இல்லை, நுகர்வோர் ஆணையமும் இல்லை. மீதி இருப்பது முக்கியமாக ஒப்பந்தச் சட்டம்தான். அதில் 19-ஆவது பிரிவுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், விற்றவர் சும்மா இருந்துவிட்டார் என்பதைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆகவே அவர் சும்மா இருக்க இடம் கொடுக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி இருக்கட்டும்: “இவ்வாகனத்தின் ஓடோமீட்டர் மாற்றப்படவில்லை. வாகனம் வெள்ளத்தில் மூழ்கியதோ, டோட்டல் லாஸ் கிளெயிம் பெற்றதோ இல்லை. எஞ்சின், எக்ஸாஸ்ட், மென்பொருள் எதிலும் மாற்றம் செய்யப்படவில்லை. இவற்றை நம்பியே வாங்குபவர் பணம் செலுத்துகிறார்.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும். வெள்ளம் என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டி துடைத்துப் பளபளப்பாக வேறு ஊரில் விற்பனைக்கு நிற்கலாம். பழைய பாலிசிகளின் கிளெயிம் விவரத்தைக் கேளுங்கள். ஸ்கோடா சர்வீஸ் சென்டரில் வண்டியை ஏற்றி, பழைய சர்வீஸ் பதிவில் இருக்கும் கிலோமீட்டரை மீட்டரோடு ஒத்துப் பாருங்கள். பரிவாகன் தளத்தில் நிலுவை சலான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கடன் விஷயத்துக்கு வருவோம். 6 லட்சத்தை அவர் கையில் கொடுத்து “நீங்களே கட்டிவிடுங்கள்” என்று சொல்லக்கூடாது. அவரோடு வங்கிக்குப் போய், கடனை முடிக்கும் தொகையை எழுத்தில் வாங்கி, உங்கள் கணக்கிலிருந்து நேராக அந்தக் கடன் கணக்குக்கு அனுப்புங்கள். அதற்கு முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகியிருக்க வேண்டும். வங்கியின் என்ஓசியும் படிவம் 35-உம் கைக்கு வந்து, ஆர்சியிலிருந்து ஹைப்பாதிகேஷன் (கடன் பதிவு) நீங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். எதையும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அபராதம் வாங்கியவருக்கு என்றாலும், உங்களிடம் ஆதாரம் இல்லாமல் போய்விடும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். விற்றவர் படிவம் 29-ஐ 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் படிவம் 30-ஐ 30 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும். ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைத் திருப்பூர்க்காரருக்குச் சொன்னால் அவரே உங்களுக்கு முன்னால் ஆர்டிஓவில் நிற்பார். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களிடம் வந்துவிடும், ஆனால் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. பழைய ஓனரின் நோ கிளெயிம் போனஸும் உங்களுக்குக் கிடைக்காது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

கம்பெனி பேரில் வாங்கலாம். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காகக் கம்பெனி வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் கார் வழக்கில், அது வணிக நோக்கம் ஆகிவிடாது, நுகர்வோர் ஆணையத்துக்கு வரலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆக்டேவியாவை விற்பவர் வியாபாரி அல்ல என்பதால், அதில் அந்தக் கேள்வியே எழாது. வரி லாபத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னை டீலரிடம் கொடுத்த 1 லட்சத்தை விட்டுவிட வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவின் அங்கீகாரம் பெற வேண்டும். அவரிடம் படிவம் 29பி இருக்கிறதா, இந்த வண்டியை ஓனர் படிவம் 29சி மூலம் அவரிடம் ஒப்படைத்திருக்கிறாரா, புதுச்சேரி முகவரிக்கு என்ன ஆதாரம் என்று வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், “பேப்பர் எல்லாம் கிளியர்” என்ற அவருடைய செய்தியைக் காட்டி, தவறான தகவலை நம்பிக் கொடுத்த அட்வான்ஸை 15 நாளுக்குள் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பாரதிய சாட்சியச் சட்டம் 2023-இன் 63(4) பிரிவின்படி சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பணம் வராவிட்டால் சென்னைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.