நாலு பேரைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்

எங்கள் பேஸ்பால் அணியின் முதல் ஒன்பது பேரை யாரும் குறை சொல்ல முடியாது. போன சீசன் முழுக்க என்னைக் கொதிக்க வைத்தது வெளியே உட்கார்ந்திருந்த நான்கு பேர். அணியின் பெயர் வேண்டாம். அமெரிக்கா வந்த நாளிலிருந்து அதைத்தான் பார்க்கிறேன், இனியும் அதைத்தான் பார்ப்பேன்.

ஏன் நான்கு? மேஜர் லீகில் ஓர் அணிக்கு 26 பேர். பிட்சர்கள் 13 பேர் வரை இருக்கலாம். அந்த இடங்களை அணிகள் வீணாக விடுவதில்லை. மிச்சம் 13 மட்டையாளர்கள். 2022 முதல் இரண்டு லீகிலும் பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்கத் தனி ஆள் உண்டு. ஆக, ஒன்பது பேர் தொடக்கத்திலேயே இறங்கிவிட, பெஞ்சில் நான்கு பேர். அதில் ஒருவர் மாற்றுக் கேட்சர். முதல் கேட்சருக்கு அடிபட்டால் ஆள் வேண்டுமே என்று அவரைக் கடைசிவரை பொத்தி வைப்பார்கள். உண்மையில் மேனேஜர் கையில் இருப்பது மூன்று பேர். ஒருமுறை வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வரவும் முடியாது.

கிரிக்கெட்டின் பன்னிரண்டாவது ஆளை மனதில் வைத்து இவர்களை எடை போடாதீர்கள். அவர் பீல்டிங்கோடு சரி. இங்கே பெஞ்சிலிருந்து எழுந்து வருபவர் ஆட்டத்தின் மிக இக்கட்டான நேரத்தில் மட்டை பிடிக்க வேண்டும்.

எங்களை முடித்த ஆட்டம் ஆகஸ்டில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஸ்கோர் சமநிலை. ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், பேஸில் ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் போய், இடக்கைப் பிட்சர்களை அடிக்கத் தெரிந்த ஒரே வலக்கைக்காரரை மேனேஜர் இறக்கிவிட்டார். அவர் தூக்கி அடித்துக் கேட்ச் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். எதிரணி இடக்கைப் பிட்சரைக் கொண்டுவந்தது. 2020-இல் வந்த விதிப்படி, புதிதாக வரும் பிட்சர் மூன்று மட்டையாளர்களைச் சந்தித்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த இன்னிங்ஸை முடித்தாக வேண்டும். நாம் வலக்கைக்காரரை அனுப்பினால் அவர்களால் பிட்சரை மாற்ற முடியாது. பெஞ்சிலிருந்து வந்து அடிக்கும் பிஞ்ச் ஹிட்டருக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. எங்களிடம் மிச்சம் இருந்தவர்கள் மாற்றுக் கேட்சரும், பீல்டிங்குக்காக மட்டுமே எடுத்த இரண்டு இன்ஃபீல்டர்களும். அந்த இருவருமே இடக்கை மட்டையாளர்கள். யாரும் எழவில்லை. முறைப்படி வந்த இடக்கைக்காரரே போனார், மூன்று ஸ்ட்ரைக்கில் திரும்பினார். ஆட்டமும் போனது, பிளேஆஃபும் போனது.

மேனேஜரை எல்லோரும் திட்டினார்கள். நான் அதற்கு மேலே போவேன். ஒரே மாதிரி இரண்டு பேரை பெஞ்சில் வைத்தது நிர்வாகம். ஜூலை முழுக்க ஒரு வலக்கை மட்டையாளர் வேண்டும் என்று கத்தினோம், வாங்கவில்லை. 2019-க்கு முன்பாவது ஆகஸ்டிலும் வேறு அணியிலிருந்து ஆள் வாங்க ஒரு வழி இருந்தது. இப்போது வீரர் பரிமாற்றக் கெடு தாண்டினால் அந்தக் கதவும் அடைப்பு. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு, 2025-இல் 7,60,000 டாலர், ஆள் கிடைக்கிறார் என்று பெஞ்சை நிரப்பிவிட்டு, ஒரே நட்சத்திரத்துக்குக் கோடிகளைக் கொட்டும் நிர்வாகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் மைத்துனர் இதை ஒத்துக்கொள்வதில்லை. “ஒன்பது பேர் ஒழுங்கா ஆடினா பெஞ்ச் எதுக்கு மாமா?” என்பார். அவருக்காகவே 2025 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைச் சொல்கிறேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் டொரன்டோவிடம் டாட்ஜர்ஸ் 3-4 என்று பின்தங்கி நிற்கிறது. முதல் ஐந்து ஆட்டங்களையும் பெஞ்சிலிருந்தே தொடங்கிய மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அதே இன்னிங்ஸில் டொரன்டோவுக்கு மூன்று பேஸிலும் ஆள். ரோஹாஸ் பந்தை ஹோமுக்கு எறிந்து ஒருவரை வீழ்த்தினார். அடுத்தவர் தூக்கி அடித்த பந்தை, இன்னிங்ஸ் நடுவில் பெஞ்சிலிருந்து இறக்கப்பட்ட ஆண்டி பஹேஸ் ஓடிப்போய்ப் பிடித்தார். இன்னொரு பக்கம், அன்று மூன்று ரன் ஹோம் ரன் அடித்திருந்த போ பிஷெட்டை எடுத்துவிட்டு டொரன்டோ ஒரு பிஞ்ச் ரன்னரை ஓடவிட்டது. ஹோமில் வீழ்ந்தவர் அவர்தான். பதினோராவது இன்னிங்ஸில் பிஷெட்டின் முறை வந்தபோது அந்த ரன்னர்தான் மட்டை பிடித்தார், அதுவும் பன்ட் (bunt) மட்டும் தட்டினார். டாட்ஜர்ஸ் 5-4 என்று கோப்பையை எடுத்தது.

அந்த டாட்ஜர்ஸ் மேனேஜர் யார் தெரியுமா? டேவ் ராபர்ட்ஸ். 2004-இல் தொடரில் 0-3 என்று பின்தங்கிய பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக, பிஞ்ச் ரன்னராக வந்து, மரியானோ ரிவேராவை எதிர்த்து இரண்டாவது பேஸைத் திருடியவர். அந்தத் திருட்டில் தப்பிய பாஸ்டன் 1918-க்குப் பிறகு முதல்முறையாகக் கோப்பை வென்றது. அவரை அந்த ஜூலை 31 அன்றுதான் வாங்கியிருந்தார்கள். பெஞ்சின் அருமை அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

டிக்கெட் வாங்கும் உங்களுக்கும் பெஞ்ச் முக்கியம். பெரும்பாலும் பிள்ளைகளோடு ஞாயிறு மதிய ஆட்டத்துக்குத்தான் போவீர்கள். முந்தின இரவும் ஆட்டம் இருந்திருந்தால், மதியம் முதல் கேட்சருக்கு ஓய்வு. ஒன்றிரண்டு நட்சத்திரங்களும் உட்காருவார்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் காசு கொடுத்துக் காட்டுவது பெஞ்சைத்தான்.

நான் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவில்லை. அது சரியான முடிவு. மார்ச் கடைசியில் 26 பேர் பட்டியல் வந்ததும் அந்த நான்கு பெயர்களைப் பாருங்கள். இடக்கைப் பிட்சரை அடிக்க ஒருவர், வேகமாக ஓட ஒருவர், ஷார்ட்ஸ்டாப்பிலும் சென்டர் ஃபீல்டிலும் நிற்கக்கூடிய ஒருவர் இருக்கிறார்களா? இல்லையென்றால் ஜூலை இறுதிவரை தனித்தனி ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்குங்கள். அப்போதும் நிர்வாகம் ஆள் எடுக்கவில்லையென்றால், செப்டம்பர் ஆட்டங்களுக்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.